இருட்டில் பேசும் ரேகைகள்

கண்ணுக்குத் தெரியாத விரல் ரேகைகளை ஒளிர வைக்கிறது கரியிலிருந்து பிறந்த ஒரு நுண்பொடி. ஆய்வுக்கூடத்தில் அசத்தும் இந்தப் பொடி, நீதிமன்றப் படியேறத் தயாரா?

வங்காளத்தின் வடகோடியில், பூடான் எல்லையை ஒட்டிய ஜல்பைகுரி மாவட்டம். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேனேஜர் தன் படுக்கையில் கழுத்து அறுபட்டுக் கிடந்தார். பெட்டி குடையப்பட்டு, சில நூறு ரூபாய் காணாமல் போயிருந்தது. சமையல்காரர் மீது சந்தேகம். தோட்டத் தொழிலாளர்கள் மீது சந்தேகம். அந்தப் பக்கம் சுற்றித் திரிந்த காபூலிகள் மீதும் சந்தேகம். துப்பு துலங்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது பெட்டிக்குள் கிடந்த ஒரு வங்காளிப் பஞ்சாங்கம். அதன் வெளிர் நீல அட்டையில் பழுப்பு நிறத்தில் மங்கலாக இரண்டு கறைகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, அவற்றில் ஒன்றில் விரல் ரேகைகள் தெரிந்தன.

வங்காள போலீஸ் சேர்த்து வைத்திருந்த ரேகைப் பதிவுகளில் தேடினார்கள். கங்காளி சரண் என்பவரின் வலது கட்டை விரலோடு அது அச்சாகப் பொருந்தியது. அதே மேனேஜரிடம் வேலை பார்த்து, திருடி மாட்டிக்கொண்டு சிறை சென்று வந்தவர் அவர். 1898-ல் வழக்கு முடிந்தபோது திருட்டுக் குற்றத்துக்கு அவருக்குத் தண்டனை கிடைத்தது. கொலைக் குற்றத்துக்குக் கிடைக்கவில்லை. கொலை செய்ததை யாரும் கண்ணால் பார்க்காத நிலையில், ஒரு ரேகையை மட்டும் நம்பித் தீர்ப்பளிப்பது சரியல்ல என்று நீதிமன்றம் தயங்கியது. விரல் ரேகை சாட்சி சொன்ன உலகின் ஆரம்ப கால வழக்குகளில் இதுவும் ஒன்று.

அந்த வழக்கில் போலீசுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. கறை ரத்தத்தில் பதிந்திருந்தது. அதனால் கண்ணில் பட்டது. எல்லாத் திருடர்களும் விரலை நனைத்துக்கொண்டு வருவதில்லை. குற்றம் நடந்த இடத்தில் கிடைக்க வேண்டிய ரேகைகளில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாதவை. தடயவியலில் இவற்றுக்கு மறை ரேகைகள் என்று பெயர். இவற்றை வெளியே கொண்டுவருவதுதான் கடந்த நூறாண்டுகளுக்கும் மேலாக விரல் ரேகை நிபுணர்களின் தலைவலி.

இப்போது அந்தத் தலைவலிக்கு ஒரு புதிய மருந்து பேசப்படுகிறது. மருந்தின் மூலப்பொருள் கரி. எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தையோ, ஆரஞ்சுச் சாறையோ பக்குவமாகச் சூடாக்கினால் கிடைக்கும் நுண்ணிய கரித் துகள்கள். பகல் வெளிச்சத்தில் இவை வெறும் பழுப்புக் கரைசல். புறஊதா விளக்கைக் காட்டினால் நீலமாக, பச்சையாக, பக்குவத்தைப் பொறுத்து சிவப்பாகக்கூட ஒளிர்கின்றன. 'கார்பன் புள்ளிகள்' என்று அழைக்கப்படும் இவற்றை ரேகையின் மீது தூவினால், இருட்டில் ரேகை மட்டும் தனியாக மின்னுகிறது.

வியர்வை எழுதும் கையெழுத்து

ஒரு டம்ளரைத் தொட்டதும் விரல் அதில் விட்டுச் செல்வது என்ன? முக்கியமாகத் தண்ணீர். விரல் நுனியில் உள்ள ரேகை மேடுகளில் வரிசையாக வியர்வைத் துளைகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து கசியும் வியர்வையில் 98 சதவிகிதத்துக்கு மேல் நீர்தான். மிச்சம் உப்பு, யூரியா, அமினோ அமிலங்கள். விரல் நுனியில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. ஆனால் மனிதன் நாள் முழுதும் முகத்தைத் துடைக்கிறான், தலையைக் கோதுகிறான். அந்த எண்ணெய்ப் பசையும் விரலில் ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கலவைதான் பீரோ கதவிலும் ஜன்னல் கண்ணாடியிலும் ரேகை மேடுகளின் வடிவத்தில் பதிகிறது. மில்லிகிராமுக்கும் குறைவான ஒரு பூச்சு. அதை வைத்துத்தான் ஒரு மனிதனை அடையாளம் காண வேண்டும்.

நேரம் போகப் போக நீர் ஆவியாகிறது. எண்ணெய்ப் பசையும் காய்ந்து, சிதைந்து போகிறது. வெயில், தூசி, மழை எல்லாமே ரேகையின் எதிரிகள். போலீஸ் வருவதற்குள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பத்துப் பேர் அதே கதவைத் தொட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதுவரை இருக்கும் வழிகள் பல. எல்லோருக்கும் தெரிந்தது பொடி தூவும் முறை. மென்மையான பிரஷ்ஷால் கறுப்புப் பொடியோ அலுமினியப் பொடியோ தடவினால், பசையுள்ள இடத்தில் ஒட்டிக்கொள்ளும். செல்லோடேப்பில் ஒற்றி எடுத்துவிடலாம். காகிதத்துக்கு நின்ஹைட்ரின் என்ற ரசாயனம். வியர்வையில் உள்ள அமினோ அமிலங்களோடு சேர்ந்து ஊதா நிறம் காட்டும் இதை 1910-ல் கண்டுபிடித்தவர் சீக்ஃபிரீட் ரூஹெமன். அதை ரேகைக்குப் பயன்படுத்தலாம் என்று ஸ்வீடன் விஞ்ஞானிகள் இருவர் சொல்வதற்கு 1954 ஆயிற்று. பிளாஸ்டிக், உலோகம் போன்றவற்றுக்கு 'சூப்பர் க்ளூ' ஆவி. 1970-களின் கடைசியில் ஜப்பானில் புழக்கத்துக்கு வந்த இந்த முறையில், பசையின் ஆவி ரேகையின் மீது வெள்ளையாகப் படிந்து கெட்டியாகிறது.

எல்லாவற்றுக்கும் ஒரு எல்லை உண்டு. கறுப்புப் பொடி வெள்ளைச் சுவரில் எடுபடும், கறுப்பு டி.வி. பெட்டியில் எடுபடாது. பல வண்ணப் படங்கள் அச்சடித்த பிஸ்கட் உறை, குளிர்பான கேன், பத்திரிகை அட்டை, ரூபாய் நோட்டு போன்றவற்றில் எந்த நிறப் பொடியைத் தூவினாலும் பின்னணியில் உள்ள படம் ரேகையை விழுங்கிவிடும். தடயம் இருக்கும், பார்க்கத்தான் முடியாது.

உடல்நலப் பிரச்னையும் உண்டு. ஒரு காலத்தில் புழங்கிய சில வெளிர் நிறப் பொடிகளில் ஈயமும் பாதரசமும் கலந்திருந்தன. மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் பொடி தூவும் நிபுணரின் மூக்கில் போய்ச் சேர்வது என்ன என்பது பல ஆண்டுகள் யாருக்கும் பெரிய கவலையாக இருக்கவில்லை.

வெளிச்சத்தில் பார்ப்பதும் வெளிச்சமே ஆவதும்

ரேகைக்கு நிறம் கொடுப்பதைவிட ஒளி கொடுப்பது மேல் என்ற யோசனை கனடாவில் பிறந்தது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் மூவர் 1977-ல் ஒரு வேடிக்கையைக் காட்டினார்கள். லேசர் ஒளியைப் பாய்ச்சினால் சில ரேகைகள் எந்தப் பொடியும் இல்லாமலே தாமாக ஒளிர்ந்தன. வியர்வையிலும் அழுக்கிலும் உள்ள சில பொருள்கள் லேசர் ஒளியை விழுங்கி, வேறு நிற ஒளியாகத் திருப்பித் தந்ததுதான் காரணம்.

இதன் சூட்சுமம் எளிது. பாய்ச்சும் ஒளியை ஒரு வடிகட்டிக் கண்ணாடியால் தடுத்துவிட்டால், ஒளிரும் பொருள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். பின்னணி முழுவதும் இருட்டு. பட்டப்பகலில் தெரியாத மின்மினிப்பூச்சி ராத்திரியில் தெரிவதைப் போல. பிறகு ஒளிரும் சாயங்களும் ஒளிரும் பொடிகளும் வரிசையாக வந்தன. இன்றும் பல நாடுகளின் போலீஸ் பெட்டிகளில் இவை இருக்கின்றன.

அடுத்து வந்தவை 'குவாண்டம் புள்ளிகள்'. சில நானோமீட்டர் அளவே உள்ள படிகத் துகள்கள் இவை. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்றால் அளவு புரியும். துகளின் பருமனை மாற்றினால் ஒளிரும் நிறமே மாறும் என்பது இவற்றின் விசேஷம். இதைக் கண்டறிந்து வளர்த்ததற்காக மவுங்கி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்ஸி எக்கிமோவ் மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ரேகை ஆராய்ச்சியாளர்களும் இவற்றை ஆவலோடு முயன்று பார்த்தார்கள். இடையூறாக வந்தது காட்மியம். நன்றாக ஒளிரும் குவாண்டம் புள்ளிகள் பலவற்றில் இந்த நச்சு உலோகம் இருக்கிறது. கரைசலில் வைத்துக் கையாளலாம். பொடியாக்கி மூடிய அறைக்குள் தூவ யார் துணிவார்கள்?

இந்த இடத்தில்தான் கரி உள்ளே நுழைகிறது. அதுவும் தற்செயலாக.

அழுக்கில் கிடைத்த புதையல்

2004-ல் அமெரிக்காவின் தெற்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் ஒரு குழு கார்பன் நானோகுழாய்களைச் சுத்தப்படுத்திக்கொண்டிருந்தது. மின் வில்லில் கார்பனை எரித்துக் கிடைத்த புகைக்கரிதான் அவர்களின் சரக்கு. அதிலிருந்து குழாய்களைப் பிரித்தெடுக்கும்போது, வேண்டாத கழிவாக ஒதுங்கிய ஒரு பகுதி புறஊதா ஒளியில் பளிச்சென்று ஒளிர்ந்தது. தேடிப் போனது ஒன்று; கிடைத்தது வேறு. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் யா-பிங் சன் குழுவினர் இந்தத் துகள்களின் மேற்பரப்பைப் பக்குவப்படுத்தி இன்னும் பிரகாசமாக ஒளிர வைத்தார்கள். 'கார்பன் புள்ளிகள்' என்ற பெயர் நிலைத்தது அதன் பிறகுதான்.

ஒவ்வொரு துகளும் 10 நானோமீட்டருக்கும் குறைவு. உள்ளே கார்பன், மேலே ஆக்ஸிஜன், நைட்ரஜன் கொண்ட ரசாயனக் கிளைகள். இந்தக் கிளைகளால்தான் துகள் தண்ணீரில் எளிதாகக் கரைந்து நிற்கிறது. காட்மியம் இல்லை, ஈயம் இல்லை.

செய்முறையைக் கேட்டால் ஆச்சரியம்தான் மிஞ்சும். ஒரு பிரபலமான முறையில் சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன் டைஅமீன் என்ற ரசாயனத்தையும் தண்ணீரில் கரைத்து, அழுத்தம் தாங்கும் எஃகுக் கலத்தில் அடைத்து, அடுப்பில் சில மணி நேரம் சூடாக்குகிறார்கள். கிட்டத்தட்ட பிரஷர் குக்கர் வேலை. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, நீரை இழந்து, மெல்ல மெல்லக் கருகி, நுண்துகள்களாக உருள்கின்றன. 2013-ல் சீன விஞ்ஞானிகள் வெளியிட்ட இந்த முறையில், விழுங்கிய ஒளியில் 80 சதவிகிதம் வரை ஒளியாகவே திரும்பி வந்தது. இன்னொரு முறையில் சிட்ரிக் அமிலத்தையும் யூரியாவையும் மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் சில நிமிடங்களில் வேலை முடிகிறது. சர்க்கரைப் பாகு முறுகிப் போவது போல ஒரு பழுப்பு நிறக் கட்டி கிடைக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து, சுழல் இயந்திரத்தில் சுற்றிக் கசடை ஒதுக்கி, நுண்துளைச் சவ்வில் வடிகட்டினால் மிஞ்சுவது கார்பன் புள்ளிகள்.

இந்தியாவும் இந்தச் சமையலில் பின்தங்கவில்லை. 2012-ல் ஒடிசாவின் ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழக ஆராய்ச்சியாளர்கள் ஆரஞ்சுச் சாறைச் சூடாக்கியே கார்பன் புள்ளிகளைத் தயாரித்தார்கள். அவற்றின் ஒளிர்திறன் 26 சதவிகிதம். அவர்களுடைய நோக்கம் உயிரணுக்களைப் படமெடுப்பது. ஆனால் கடைத்தெருவில் கிடைக்கும் பழத்திலிருந்து உயர் தொழில்நுட்பப் பொருளைச் செய்யலாம் என்ற செய்தி பலரையும் சுண்டி இழுத்தது. அதன் பிறகு பழத்தோல், இலை, பால் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கருக்கிப் பார்க்கும் ஆய்வுகள் உலகெங்கும் குவிந்தன.

சமையலறைக்கும் ரேகைக்கும் உறவு இந்தியாவில் ஏற்கெனவே உண்டு. பாட்டியாலாவிலுள்ள பஞ்சாபி பல்கலைக்கழகத் தடயவியல் துறையினர் 2011-ல் சாதாரண மஞ்சள் பொடியைத் தூவிப் பல பரப்புகளில் ரேகை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். விலை உயர்ந்த வெளிநாட்டுப் பொடிக்கு மாற்று தேடும் முயற்சிகளில் அதுவும் ஒன்று.

தூவினால் அணைந்துபோகும் விளக்கு

ஆனால் கார்பன் புள்ளிகளை அப்படியே தூவ முடியாது. கரைசலில் இருக்கும்போது ஜொலிக்கும் இவை, உலர்த்திப் பொடியாக்கியதும் அணைந்துவிடுகின்றன. துகள்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும்போது, ஒன்று வாங்கிய சக்தியைப் பக்கத்துத் துகள் உறிஞ்சிவிடுகிறது. ஒளியாக வெளியேற வேண்டியது வெப்பமாகக் கரைந்து போகிறது. ரேகை நிபுணருக்கு வேண்டியதோ உலர்ந்த பொடி.

வழி சொன்னது இங்கிலாந்தின் மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகக் குழு. 2015-ல் அவர்கள் கார்பன் புள்ளிகளை நுண்ணிய சிலிக்கா பொடியில் மிகக் குறைந்த அளவில் கலந்தார்கள். பொடியின் எடையில் ஒரு சதவிகிதம்கூட இல்லை. கூட்டத்தில் நசுங்கிய துகள்கள் இப்போது தள்ளித் தள்ளி உட்கார்ந்தன; ஒளி திரும்பியது. சிலிக்கா ஏறக்குறைய மணல்தான், விலை மலிவு. கார்பன் புள்ளியும் துளியளவே தேவை. இதே வேலைக்கு ஸ்டார்ச் மாவைப் பயன்படுத்திப் பார்த்தவர்களும் உண்டு. ரேகையில் போய் ஒட்டுவது சிலிக்கா அல்லது மாவு. மின்னுவது அதன் மேல் சவாரி செய்யும் கரி.

இந்தப் பொடிக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. பாய்ச்சும் ஒளியை மாற்றினால் ஒளிரும் நிறமும் மாறுகிறது. ஊதா ஒளியில் நீலமாகத் தெரியும் ரேகை, நீல ஒளியில் பச்சையாகவும், பச்சை ஒளியில் சிவப்பாகவும் தெரியலாம். பின்னணி நீலமாக இருந்தால் பச்சையில் பார்த்துக்கொள்ளலாம். பச்சையாக இருந்தால் சிவப்புக்குத் தாவலாம். முன்பெல்லாம் பரப்புக்கு ஏற்ற பொடியைத் தேட வேண்டும். இங்கே ஒரே பொடி போதும். விளக்கையும் வடிகட்டியையும் மாற்றினால் ஆயிற்று.

வெள்ளைக் காகிதத்தில் இது முக்கியம். காகிதத்தைப் பளிச்சென்று காட்ட ஆலைகளில் சேர்க்கும் வெளுப்புப் பொருள்கள் புறஊதா ஒளியில் தாமே நீலமாக ஒளிர்கின்றன. அந்த நீல வெள்ளத்தில் நீலமாக மின்னும் ரேகை மூழ்கிவிடும். அதனால்தான் சிவப்பாக ஒளிரும் கார்பன் புள்ளிகளுக்காக இப்போது போட்டி நடக்கிறது.

படம் தெளிவாக விழும்போது லாபம் இரட்டிப்பு. ரேகையில் சுழி, வளையம், வில் என்ற பொது அமைப்பு முதல் படி. ரேகை எங்கே முடிகிறது, எங்கே கிளை பிரிகிறது என்பது இரண்டாம் படி; ஒப்பிடுவது பெரும்பாலும் இதை வைத்துத்தான். ரேகை மேட்டில் உள்ள வியர்வைத் துளைகளின் இடம் மூன்றாம் படி. பெரிய துகள் கொண்ட பழைய பொடிகள் இந்தத் துளைகளை அடைத்துவிடும். ஆய்வுக்கூடப் படங்களில் நுண்பொடி துளைகளைக்கூட எண்ணும் அளவுக்குக் காட்டுகிறது. பாதி ரேகை மட்டுமே கிடைக்கும் வழக்குகளில் இது பெரிய விஷயம்.

ஆய்வுக்கூடத்து விரலும் அசல் விரலும்

அப்படியானால் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இந்தப் பொடி ஏன் இல்லை? காரணங்கள் பல.

முதலாவது, சோதனை நடத்தும் விதம். பல ஆய்வுகளில் தன்னார்வலர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு விரலை நெற்றியிலோ மூக்கிலோ தேய்த்துவிட்டு, சுத்தமான கண்ணாடியில் பதமாக அழுத்துகிறார். எண்ணெய் வழியும் புத்தம் புது ரேகை. அதில் எந்தப் பொடியைத் தூவினாலும் படம் அழகாகத்தான் வரும். நிஜத் திருடன் மூக்கைத் தேய்த்துவிட்டுப் பூட்டைத் தொடுவதில்லை. அவன் விட்டுச் செல்வது அவசரத்தில் இழுபட்ட, பாதி அழிந்த, நாள்பட்ட ரேகை.

இதை உணர்ந்துதான் சர்வதேச விரல் ரேகை ஆராய்ச்சிக் குழு 2014-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. புதிய முறை எதுவும் நான்கு கட்டங்களைத் தாண்ட வேண்டும். முதலில் சிறு அளவில் முன்னோட்டம். அடுத்து, ஏற்கெனவே உள்ள முறைகளோடு ஒப்பீடு. மூன்றாவதாக, நிஜ வாழ்க்கைப் பொருள்களில் பெரிய அளவில் சோதனை. கடைசியில் உண்மையான வழக்குகளில் வெள்ளோட்டம். கார்பன் புள்ளிகள் பற்றி வெளியான கட்டுரைகளில் பெரும்பாலானவை முதல் கட்டத்தோடு நின்றுவிடுகின்றன. புதிய பொருளைச் செய்து காட்டினால் கட்டுரை அச்சாகிவிடும். ஆயிரக்கணக்கான ரேகைகளில் அலுப்பூட்டும் சோதனை நடத்த யாருக்கும் அவ்வளவு ஆர்வம் இல்லை.

இரண்டாவது, கைப்பக்குவம். ஆரஞ்சு மாறினால் சாறு மாறும். சாறு மாறினால் புள்ளி மாறும். ஒரு தடவை செய்த சரக்கு பச்சையாக மின்னி, அடுத்த தடவை செய்தது மங்கினால் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல முடியாது. ஒளிர்வது உண்மையில் எது என்பதிலேயே விவாதம் இருக்கிறது. சிட்ரிக் அமிலத்திலிருந்து செய்த கரைசலில் தெரியும் நீல ஒளியில் கணிசமான பங்கு, புள்ளிகளோடு கூடவே உருவாகும் சாதாரண ஒளிரும் மூலக்கூறுகளிலிருந்து வருகிறது என்று 2015-ல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. சரியாகச் சுத்தம் செய்யாமல் அளந்தால் கணக்கு தப்பாகிவிடும்.

மூன்றாவது, டி.என்.ஏ. இன்று ஒரு ரேகையிலிருந்து உருவத்தை மட்டுமல்ல, உதிர்ந்த செல்களிலிருந்து டி.என்.ஏ.வையும் எடுக்க முயல்கிறார்கள். தூவும் பொடியோ, காட்டும் புறஊதா ஒளியோ அதைக் கெடுத்துவிடக் கூடாது. குறைந்த அலைநீளப் புறஊதா ஒளி டி.என்.ஏ.வைச் சிதைக்கும் என்பது தெரிந்த விஷயம். எனவே எந்தப் பொடி, எந்த விளக்கு, எந்த வரிசை என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

நான்காவது, சுவாசம். காட்மியம் இல்லை என்பதால் மட்டும் பொடி பாதுகாப்பானது ஆகிவிடாது. மிக நுண்ணிய எந்தப் பொடியும் நுரையீரலின் ஆழம் வரை போகும். முகமூடியும் கையுறையும் கரிப் பொடிக்கும் தேவைதான்.

சட்டம் முந்திக்கொண்டது

இந்தியாவில் இந்த ஆராய்ச்சிக்கு இப்போது ஒரு அவசரம் வந்திருக்கிறது. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-வது பிரிவு, ஏழு ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் சென்று தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. அதை வீடியோ எடுக்கவும் வேண்டும். இதற்குத் தயாராவதற்கு மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. நகரங்களில் மட்டுமல்ல, தாலுகா ஊர்களிலும் ரேகை எடுக்கும் ஆட்களும் பொடியும் விளக்கும் வேண்டும். மலிவாக உள்நாட்டிலேயே செய்யக்கூடிய பொடிக்கு இதைவிட நல்ல நேரம் அமையாது.

எடுத்த ரேகையைத் தேடிப் பார்க்கவும் ஏற்பாடு இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் நடத்தும் 'நஃபிஸ்' என்ற கம்ப்யூட்டர் அமைப்பு 2022 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட ரேகைப் பதிவுகள் அதில் இருக்கின்றன. கைதாகும் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண். ஒரு மாநிலத்தில் திருடியவரின் ரேகையை இன்னொரு மாநிலத்தில் உட்கார்ந்து தேடலாம். அதே ஆண்டு வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், இந்தப் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க அனுமதிக்கிறது.

தேடும் வலை பெரிதாகப் பெரிதாக, தவறான மீன் சிக்கும் ஆபத்தும் பெரிதாகிறது. 2004 மார்ச்சில் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் ரயில் குண்டுவெடிப்புகளில் 190-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். டெட்டனேட்டர்கள் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் கிடைத்த ரேகையை அமெரிக்க எஃப்.பி.ஐ. தன் கம்ப்யூட்டரில் தேடியது. ஓரிகன் மாநில வக்கீல் பிராண்டன் மேஃபீல்டின் ரேகையோடு பொருந்துவதாக அனுபவம் மிக்க நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். ஸ்பெயின் போலீஸ் சந்தேகம் தெரிவித்தும் மேஃபீல்ட் கைது செய்யப்பட்டு இரண்டு வாரங்கள் காவலில் இருந்தார். பிறகு அந்த ரேகை அல்ஜீரியாவைச் சேர்ந்த வேறொருவருடையது என்று ஸ்பெயின் கண்டுபிடித்தது. எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது, 2006-ல் அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கொடுத்தது. ரேகை கிடைத்ததில் அங்கே குறை ஏதும் இல்லை. அதைப் படித்த கண்களில்தான் குறை.

இந்திய நீதிமன்றங்களும் எச்சரிக்கையாகவே இருந்திருக்கின்றன. ராஜஸ்தானில் நடந்த ஒரு கொலை வழக்கில் பித்தளைப் பாத்திரத்தில் கிடைத்த ரேகைதான் முக்கியத் தடயம். 1997-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ரேகை பொருந்தவில்லை என்பதல்ல காரணம். கைப்பற்றிய பொருள்கள் ரேகைப் பிரிவுக்குப் போய்ச் சேரும் முன் யாரும் கைவைத்திருக்க முடியாது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை. ஒப்பிடுவதற்கான மாதிரி ரேகைகளும் மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்கப்படவில்லை. பொடி எவ்வளவு மின்னினாலும், பாத்திரம் பூட்டி முத்திரையிடப்படாமல் கிடந்தால் பயன் இல்லை.

பிறந்த வீட்டுக்குத் திரும்பும் கலை

விரல் ரேகைக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவு பழையது. 1858-ல் ஹூக்ளி பகுதியில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலை போடுவதற்கான சரக்கு ஒப்பந்தம் ஒன்றில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கைப் பதிவை வாங்கினார். நவீன ரேகைப் பயன்பாட்டின் தொடக்கமாகச் சொல்லப்படும் சம்பவம் அது. உலகின் முதல் விரல் ரேகைப் பிரிவு 1897-ல் கல்கத்தாவில் திறக்கப்பட்டது. ஸ்காட்லாண்ட் யார்டுக்கு அது வந்தது 1901-ல்தான்.

கல்கத்தாவில் ரேகைகளை 1,024 அறைகளாகப் பிரித்துத் தேடும் முறையை உருவாக்கியதில் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய சப்-இன்ஸ்பெக்டர்களின் மூளை இருந்தது. ஆனால் உலகம் அதை இன்ஸ்பெக்டர் ஜெனரல் எட்வர்ட் ஹென்றியின் பெயரால்தான் அழைத்தது. மறைந்து கிடந்த அந்த இரண்டு பெயர்களுக்கு வெளிச்சம் பாய்ச்சப் பாடுபட்டவர்கள் டெல்லி பல்கலைக்கழகத்தின் ஜி.எஸ். சோதியும் ஜஸ்ஜித் கௌரும். 'கரண்ட் சயன்ஸ்' இதழில் 2005-ல் அவர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். பொருத்தம் என்னவென்றால், இருவரும் ரேகைப் பொடி ஆராய்ச்சியாளர்கள். பொடி தூவும் முறைகளைப் பற்றி 2001-ல் அவர்கள் எழுதிய விரிவான மதிப்பாய்வை அந்தத் துறையினர் இன்றும் புரட்டுகிறார்கள்.

கல்கத்தாவில் தொடங்கிய கலைக்கு ஒரு புதிய விளக்கு கிடைத்திருக்கிறது. அது தேர்வு பெற வேண்டிய இடங்கள் துருப்பிடித்த இரும்புக் கதவு, ஈரம் பாய்ந்த சுவர், மே மாத வெயிலில் மூன்று நாள் கிடந்த சைக்கிள் ஹேண்டில்பார். அங்கேயும் ஒளிர்ந்தால், இன்று கைவிடப்படும் பல வழக்குகளுக்கு உயிர் வரும். குற்றவாளி மாட்டுவதற்கு மட்டுமல்ல, சந்தேகத்தின் பேரில் பிடித்து வைக்கப்பட்ட சமையல்காரர்களும் கூலித் தொழிலாளர்களும் வீட்டுக்குத் திரும்புவதற்கும் ஒரு தெளிவான ரேகை போதும்.

ஆனால் ஜல்பைகுரி நீதிமன்றத்தின் தயக்கம் இன்றைக்கும் பொருந்தும். ஒரு கை பஞ்சாங்கத்தைத் தொட்டது என்பதை ரேகை சொல்லும். எதற்காகத் தொட்டது, அதற்கு முன் என்ன நடந்தது என்பதையெல்லாம் அது சொல்லாது. அந்த வேலை அன்றும் மனிதர்களுடையதாக இருந்தது. எந்தப் பொடி வந்தாலும் இனியும் அவர்களுடையதுதான்.